சுபம் போட்ட பிறகு

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மேலே தெரிவது பொதுவானது: திருப்தியாக முடிந்துபோன ஓர் அறிவியல் புனைகதைத் தொடரைப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கொண்டுவருவது சரியா? அடியில் இருப்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று நினைக்கிறேன். ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற விண்கலத் தொடரின் 178 எபிசோடுகளையும் நீங்களும் உங்கள் மகளும் சேர்ந்து பார்த்து, சென்ற வாரம் முடித்திருக்கிறீர்கள். கடைசிக் காட்சி முடிந்ததும் இருவரும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது மகள், அந்தக் கப்பலின் கேப்டன் பிக்கார்ட் முதுமையில் திரும்பி வரும் ‘பிக்கார்ட்’ தொடரைப் போடச் சொல்கிறாள், உங்களுக்கு மனம் வரவில்லை. ‘இங்கேயே நிறுத்திக்கொள்ளலாமா?’ என்று கேட்க நினைத்து, அதைக் கொஞ்சம் பெரிதாக்கி, ‘எக்ஸ்பான்ஸ்’ என்ற இன்னொரு விண்வெளித் தொடரையும் உள்ளே இழுத்துப் பொதுக் கேள்வியாக்கிவிட்டீர்கள். பொதுக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் வீட்டு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். பிக்கார்ட் தொடரின் கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, அதனால் மகளிடம் இதை இப்போது காட்ட வேண்டாம்.

சென்னையில் தொலைக்காட்சித் தொடர்களின் கதை விவாதங்களில் உட்கார்ந்தும், திரைக்கதை எழுதியும், மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியும் பதினெட்டு ஆண்டுகள் ஓட்டியவன் நான். எல்லாம் குடும்பத் தொடர்கள். ஒரு விண்கலத்தைக்கூட நான் பறக்கவிட்டதில்லை. கேபிள் வந்த புதிதில் இரவு நேரத்தில் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு பிக்கார்டைப் பார்க்கத் தொடங்கியவன் என்ற முறையில் ரசிகனும்கூட. கதை கட்டும் தொழிலைப் பற்றி நான் சொல்வது அனுபவத்தில் கண்டது. எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று சொல்வது ஒரு ரசிகனின் பேச்சு. இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

நாங்கள் எழுதிய ஒரு தொடர், பெயர் வேண்டாம், அறுநூற்றுச் சொச்சம் எபிசோடுகள் ஓடியது. கதாநாயகி படாத பாடு பட்டு, கடைசியில் கணவன், மாமியார், நாத்தனார் எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதாக முடித்தோம். அந்தப் பந்திக் காட்சியை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. யார் யாருக்குப் பரிமாறுகிறார்கள், யார் இலையில் முதலில் பாயசம் விழுகிறது என்பதிலேயே அறுநூறு எபிசோடின் கணக்கும் தீர்ந்துவிட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். எட்டு மாதம் கழித்துச் சேனலிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டாம் பாகம் வேண்டுமாம். ஓர் அறையில் ஆறு பேர் உட்கார்ந்தோம். முதல் நாள் காலை பதினொரு மணி டீ வருவதற்குள் எல்லோருக்கும் ஒன்று புரிந்துவிட்டது. அந்தப் பந்தியில் இருந்தவர்களில் யாராவது சாக வேண்டும், அல்லது ஓடிப்போக வேண்டும், அல்லது அன்றைக்கே பொய்யாகச் சிரித்திருக்க வேண்டும். எல்லோரும் நன்றாக இருக்கிற வீட்டில் திங்கட்கிழமை எபிசோடு எதைப் பற்றி நடக்கும்? கணவனைக் கொன்றோம். லாரி விபத்து, மதுரை பைபாஸ்.

இது எங்கள் அறையின் துர்புத்தி மட்டும் என்று நினைக்காதீர்கள். குறை ஒன்று இருந்தால்தான் கதை நகரும். திருப்தியான முடிவு என்றால் அந்தக் குறை தீர்ந்துவிட்டது என்றுதான் பொருள். ஆகவே முடிந்த தொடரைத் திரும்ப எடுப்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு பக்தியோடு வந்தாலும், முதலில் செய்ய வேண்டிய வேலை பழைய முடிவு கொடுத்த நிம்மதியை எங்காவது கீறுவது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கீறாமல் எடுத்தால் அது கதையாக இருக்காது, பழைய மாணவர் சந்திப்பாக இருக்கும். அதனால் ‘வரலாமா, கூடாதா’ என்று நான் கேட்பதில்லை. எந்த இடத்தில் கீறினார்கள், எவ்வளவு ஆழமாகக் கீறினார்கள், அதற்கு ஈடாக என்ன கொடுத்தார்கள் என்றுதான் பார்ப்பேன்.

நீங்கள் பார்த்து முடித்த ‘ஆல் குட் திங்ஸ்’ என்ற இறுதி எபிசோடை இந்தக் கண்ணோடு ஒரு முறை திரும்பப் பாருங்கள். 1994 மே 23 அன்று ஒளிபரப்பானது. ரொனால்ட் டி. மூரும் ப்ரானன் ப்ராகாவும் எழுதியது. அடுத்த ஆண்டு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதும் வாங்கியது. பிக்கார்ட் மூன்று காலங்களுக்கு இடையில் தத்தளிக்கிறார்: கப்பலுக்குப் பொறுப்பேற்ற முதல் நாள், நிகழ்காலம், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிந்தைய எதிர்காலம். அந்த எதிர்காலத்தில் அவர் திராட்சைத் தோட்டத்தில் கொடி கட்டிக்கொண்டிருக்கும் கிழவர். மூளையை அரிக்கும் நோய் வேறு. கப்பலின் மனநல ஆலோசகர் ட்ராய் இறந்துவிட்டாள். அவளை முன்னிட்டு கப்பல் அதிகாரிகள் ரைக்கரும் வோர்ஃபும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கப்பல் மருத்துவர் பெவர்லியை மணந்து பிரிந்தும் விட்டார் பிக்கார்ட். மனித வடிவ இயந்திரமான டேட்டா கேம்பிரிட்ஜில் நியூட்டன் வகித்த பேராசிரியர் பதவியில் இருக்கிறார், வீடு நிறையப் பூனைகள். 1987-இல் முதல் எபிசோடில் கியூ என்ற அந்தச் சர்வவல்லமைக்காரன் மனித குலத்தின் மீது தொடங்கிய வழக்கு, ஏழு ஆண்டுகள் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஆபத்தின் காரணமே பிக்கார்ட்தான் என்று தெரிகிறது. மூன்று காலத்துப் பிக்கார்டுகளும் சேர்ந்துதான் அதைத் தீர்க்கிறார்கள்.

விண்வெளி வித்தைகள் எல்லாம் முடிந்த பிறகு வரும் அந்தக் கடைசி மூன்று நிமிடம்தான் நமக்கு முக்கியம். அதிகாரிகள் வழக்கம்போலச் சீட்டாட உட்கார்ந்திருக்கிறார்கள். தாம் கண்ட எதிர்காலத்தைக் கேப்டன் அவர்களிடம் சொல்லிவிட்டிருக்கிறார். எதிர்காலத்தைச் சொல்வது விதிக்கு விரோதமாயிற்றே, ஏன் சொன்னார் என்று பேச்சு வருகிறது. அந்தப் பிரிவுகள் நடக்காமல் தடுத்துக்கொள்ளத்தான் சொல்லியிருப்பார் என்கிறார் ரைக்கர். வோர்ஃபை அவர் பார்க்கும் பார்வையிலேயே ஒரு சமாதானம் முடிகிறது. அப்போது கதவு திறந்து பிக்கார்ட் வருகிறார். ஏழு ஆண்டுகளில் ஒரு முறைகூட அந்த மேசையில் உட்காராத மனிதர், இதை எப்போதோ செய்திருக்க வேண்டும் என்று சொல்லிச் சீட்டைக் கலைக்கிறார். எங்கள் பந்திக் காட்சிக்கு நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் காட்சியில் பொறாமைப்படாமல் இருக்க என்னால் முடியவில்லை. பிரபஞ்சத்தைக் காப்பாற்றியதற்குப் பரிசு ஒரு நாற்காலி! கூடவே ஒரு வாக்குறுதியும் இருக்கிறது: நாங்கள் எப்படிப் பிரிந்துபோவோம் என்று பார்த்துவிட்டோம், அப்படி ஆக விடமாட்டோம்.

திரும்பி வந்தபோது கீறியது சரியாக அந்த வாக்குறுதியைத்தான். 2020 ஜனவரியில் ‘பிக்கார்ட்’ தொடங்கும்போது அவர் திராட்சைத் தோட்டத்தில் இருக்கிறார். விண்படையை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ரைக்கரையும் ட்ராயையும் ஆண்டுக்கணக்கில் பார்க்கவில்லை. டேட்டா 2002-இல் வந்த ‘நெமிசிஸ்’ படத்திலேயே உயிர்விட்டாயிற்று. பிக்கார்டின் மகனைப் பெற்று, இருபது ஆண்டுகள் அவருக்கே சொல்லாமல் பெவர்லி வளர்த்திருக்கிறாள் என்று மூன்றாம் பருவத்தில் தெரியவருகிறது. எச்சரிக்கையாகக் காட்டிய எதிர்காலம், சில பெயர்களை மாற்றிப்போட்டால், கிட்டத்தட்ட அப்படியே நடந்திருக்கிறது. அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று ஆகிவிட்டது. நாங்கள் லாரியை வைத்துச் செய்ததை இவர்கள் இருபது ஆண்டு மௌனத்தை வைத்துச் செய்தார்கள். நளினமாகச் செய்தார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதை எழுதியவர்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் நினைக்கவில்லை. தொடரின் முதல் காட்சியே பிக்கார்டும் டேட்டாவும் பழைய கப்பலான எண்டர்பிரைஸில் சீட்டாடுவதுதான். பிக்கார்ட் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார். ஏன் என்று டேட்டா கேட்க, ஆட்டம் முடிவதில் எனக்கு விருப்பமில்லை என்கிறார். அது கனவு, அடுத்த நிமிடம் விழித்துக்கொள்கிறார். ரசிகனின் மனநிலையை இதைவிட நேராகச் சொல்ல முடியாது. நாவலாசிரியர் மைக்கேல் சேபன் பொறுப்பில் இருந்த அந்த முதல் பருவம் பல இடங்களில் தடுமாறியது என்பது என் கருத்து, ஆனால் அந்தக் காட்சியில் அதற்குத் தன் வேலை என்னவென்று தெரிந்திருந்தது.

நடுவில் வந்த நான்கு திரைப்படங்களை வேகமாகக் கடந்துவிடலாம், ஒரு விவரத்தைத் தவிர. இறுதி எபிசோடு ஒளிபரப்பாகி ஆறு மாதம்கூட ஆகாமல், 1994 நவம்பரில் ‘ஜெனரேஷன்ஸ்’ வெளியானது. எழுதியவர்கள் அதே மூரும் ப்ராகாவும். படத்துக்கு ஒரு வருடம் செலவிட்டோம், இறுதி எபிசோடை ஒரு மாதத்தில் எழுதினோம், எபிசோடுதான் நன்றாக வந்தது என்று அவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. எபிசோடுக்கு முடிக்க வேண்டிய ஒரு கதை கையில் இருந்தது. படத்துக்கு வெளியாக வேண்டிய ஒரு தேதி இருந்தது.

திரும்பி வருவதற்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும், அது வலுவானது. நடிகர்களின் வயது. 1994-இல் பேட்ரிக் ஸ்டூவர்ட்டுக்கு 53 வயது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிந்தைய பிக்கார்ட் எப்படி இருப்பார் என்று ஒப்பனைக்காரர் ஊகித்து, வெள்ளைத் தாடி ஒட்டி, முகத்தில் சுருக்கம் போட்டார். அந்த இருபத்தைந்து ஆண்டுகளும் நம் நாட்காட்டியில் உண்மையிலேயே கடந்தன. 2019-இல் அதே மனிதர், தாடி இல்லாமல், தம் சொந்தச் சுருக்கங்களோடு திராட்சைத் தோட்டத்தில் வந்து நின்றார். ஒட்டுத்தாடிக் கிழவர் தடுமாறித் தடுமாறிக் கத்தினார். உண்மையான கிழவர் மெதுவாகப் பேசினார், மூச்சு வாங்கினார், சில நேரம் அடுத்தவர் சொல்வதை விட்டுவிட்டார். எந்த எழுத்தாளனாலும் எந்த ஒப்பனையாலும் இதைச் செய்ய முடியாது. காலத்தால் மட்டும் முடியும். ஆகவே ஒரு தொடர் நெடுநாள் கழித்துத் திரும்பி வந்தால், கடந்துபோன காலத்தையே அது பேசுபொருளாக எடுக்க வேண்டும் என்பேன். இடையில் எதுவும் நடக்காததுபோல வந்து நின்றால் தலைச்சாயமே கதை சொல்லிவிடும். ஸ்டூவர்ட்டும் ஏறக்குறைய இதைத்தான் உணர்ந்திருக்க வேண்டும். சீருடை போடமாட்டேன், பழைய கூட்டத்தை ஒன்றுசேர்ப்பதாகத் தொடர் இருக்கக் கூடாது என்று சொல்லித்தான் அவர் ஒப்புக்கொண்டார்.

முதல் பருவத்தின் ஏழாம் எபிசோடான ‘நெப்பெந்தி’ அந்த நிபந்தனைகளின் நல்ல விளைவு. பிக்கார்ட் தஞ்சம் தேடி ரைக்கர், ட்ராய் வீட்டுக்குப் போகிறார். காட்டு நடுவில் ஒரு வீடு. அவர்களுடைய மகன் நோயில் இறந்திருக்கிறான், மகள் இருக்கிறாள். ரைக்கர் அடுப்பில் பீட்சா போடுகிறார். துப்பாக்கி வெடிப்பதெல்லாம் வேறு எங்கோ நடக்கிறது, இந்த வீட்டில் நடப்பது சமையலும் பேச்சும்தான். பழைய முடிவை இங்கேயும் கீறியிருக்கிறார்கள், அதுவும் ஒரு பிள்ளையின் சாவால். ஆனாலும் அந்தச் சாவு கதையை ஓட்டுவதற்காக வந்ததாகத் தோன்றவில்லை. இருபது ஆண்டுகள் வாழ்ந்தால் எந்த வீட்டிலும் ஏதாவது ஒன்று நடந்திருக்கும் அல்லவா, அதைப்போல இருந்தது.

மூன்றாம் பருவத்தில், 2023-இல், அந்த நிபந்தனைகள் எல்லாம் காற்றில் பறந்தன. டெர்ரி மட்டாலாஸ் பொறுப்பேற்றார். பழைய தொடரின் முக்கிய எழுவரும் வந்து சேர்ந்தார்கள். டேட்டாவை 2002-இல் கொன்று, 2020-இல் அவர் நினைவின் எச்சத்தையும் அவர் கேட்டுக்கொண்டபடியே அழகாக அணைத்து, மூன்றாம் பருவத்தில் வயதான உடம்பு கொடுத்து மறுபடி எழுப்பினார்கள். ஒருவரை இரண்டு முறை அடக்கம் செய்துவிட்டு மூன்றாவது முறை விருந்துக்குக் கூப்பிட்டால், முதல் இரண்டு முறை அழுதவர்களுக்கு என்ன பதில்? தொழில்காரனாக என் தீர்ப்பு இது. ரசிகனாக வேறொன்று நடந்தது. அந்தப் பருவத்துக்காகப் பழைய எண்டர்பிரைஸின் கட்டளைத் தளத்தைத் திரும்பக் கட்டியிருந்தார்கள், 1994 படத்தோடு அழிந்துபோன அரங்கு அது. ஒன்பதாம் எபிசோடில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன, கணினியின் பழைய குரல் கேட்கிறது, தரையில் விரித்திருக்கும் கம்பளத்தைப் பற்றி பிக்கார்ட் ஒரு வார்த்தை சொல்கிறார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என் வாதத்துக்கு எதிர்த்தரப்புச் சாட்சி நானே என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பருவத்தின் கடைசிக் காட்சி என்ன தெரியுமா? எழுவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள், கேமரா மேலிருந்து பார்க்கிறது. 1994-இல் முடித்த அதே இடம். மூன்று பருவம், முப்பது எபிசோடு சுற்றி, உடைத்ததை ஒட்டி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். வயதான முகங்களோடு அந்த மேசையைப் பார்ப்பதற்குத் தனி மதிப்பு உண்டு என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். கிளம்பாமலே இருந்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்ற கேள்வியும் என்னைவிட்டுப் போகவில்லை. இந்த இரண்டில் எது கனமானது என்பதை என்னால் தீர்மானிக்க முடிந்ததில்லை. ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிக்கொள்கிறேன்.

விளங்காத நிகழ்வுகளைத் துப்பறியும் ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ தொடர் விஷயத்தில் அப்படித் தயங்க மாட்டேன். 2002-இல் அது முடிந்தபோது அதன் துப்பறியும் இணையான முல்டரும் ஸ்கல்லியும் மழை பெய்யும் இரவில் ஒரு விடுதி அறையில், எல்லாவற்றையும் இழந்து, இருவர் மட்டும் மிஞ்சி, நம்பிக்கைக்கு இடம் இருக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். குறையில்லாத முடிவு என்று சொல்லமாட்டேன், ஆனாலும் முடிவு. 2016-இல் திரும்பி வந்தபோது இருவரும் பிரிந்து வாழ்கிறார்கள். ஆறு எபிசோடு ஓடி, உலகமே கொள்ளைநோயில் சாகப்போவதாக நிறுத்தினார்கள். 2018-இல் அடுத்த பருவத்தைத் தொடங்கும்போது, அதெல்லாம் ஸ்கல்லி கண்ட காட்சி என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் அறையில் இந்த உத்திக்குப் பெயர் ‘தூக்கத்திலிருந்து எழுப்பு’. வேறு வழியே இல்லாதபோது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுதுவோம். அந்த ஆறில் மூன்றாவது எபிசோடை மட்டும் விலக்கிவைக்கிறேன். டாரின் மார்கன் எழுதிய, மனிதன் கடித்ததால் மனிதனாக மாறிவிடும் அப்பாவிப் பல்லியின் கதை. தொடர் முழுவதும் ஓடும் பெரிய சதிக்கதையை அது தொடவே இல்லை. தனித்து நிற்கிற ஒரு நல்ல சிறுகதை எந்த ஆண்டில் வந்தாலும் பழைய முடிவுக்குச் சேதம் செய்வதில்லை.

பழைய முடிவு டிவிடி வட்டில் அப்படியே இருக்கிறதே, புதியதைப் பிடிக்காதவர்கள் பார்க்காமல் விட்டுவிடலாமே என்று பலர் சொல்கிறார்கள். வட்டில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் முடிவு என்பது வட்டில் மட்டும் இருப்பதில்லை. ரைக்கரும் பிக்கார்டும் பின்னால் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்த பிறகு அந்தச் சீட்டாட்டத்தைப் பார்த்தால், முன்னால் தெரியாத ஒரு நிழல் அதில் விழுகிறது. தெரிந்ததைத் தெரியாததாக்கிக்கொள்ள வழி இல்லை. எங்கள் தொடரின் மறுஒளிபரப்பைப் பார்த்த ஓர் அம்மாள், அந்தப் பந்திக் காட்சியில் கணவன் சிரிக்கும்போதெல்லாம் தனக்கு லாரிதான் நினைவுக்கு வருகிறது என்று என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு இந்த வாதத்தை யார் சொன்னாலும் நான் வாயைத் திறப்பதில்லை.

திரும்பி வர முடியாதபடி வாசலைப் பூட்டிவிட்டுப் போனவர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி. ஒரு விண்நிலையத்தில் நடக்கும் அவருடைய ‘பாபிலோன் 5’ தொடரின் 110 எபிசோடுகளில் 92 அவர் எழுதியவை. ஐந்து ஆண்டுக் கதை என்று முதலிலேயே திட்டமிட்டவர். ஐந்தாம் ஆண்டு கிடைக்குமா என்று தெரியாததால் இறுதி எபிசோடை நான்காம் பருவத்தோடு எடுத்து வைத்துவிட்டார். ஐந்தாம் பருவம் வேறொரு சேனலில் கிடைத்ததும் அதைப் பத்திரமாக வைத்திருந்து 1998 நவம்பரில் ஒளிபரப்பினார்கள். கதை இருபது ஆண்டு தாவி, நாயகனின் மரணத்தையும் அந்த விண்நிலையத்தின் அழிவையும் காட்டுகிறது. நிலையத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு வெளியேறும் பணியாளராக ஸ்ட்ராசின்ஸ்கியே நடித்திருக்கிறார். எதிர்காலம் முழுவதையும் சொல்லித் தீர்த்துவிட்டால் பின்னால் வருபவருக்குக் கீற இடம் இருக்காது, இடைவெளிகளுக்குள்தான் புக வேண்டும். புகுந்தும் பார்த்தார்கள்: 1999-இல் 13 எபிசோடோடு நின்ற ஒரு கிளைத்தொடர், 2007-இல் ஒரு சிறு முயற்சி, 2023-இல் ஓர் அனிமேஷன் படம். அனிமேஷன் ஆனதற்கு ஒரு துயரமான பொருத்தமும் இருக்கிறது. மீரா ஃபுர்லான், ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸ், ஜெர்ரி டாயில், ரிச்சர்ட் பிக்ஸ் என்று அந்தத் தொடரின் முக்கிய நடிகர்கள் பலர் இறந்துவிட்டார்கள். அவர்களுடைய பாத்திரங்களுக்கு வேறு குரல்கள்தான் பேச முடிந்தது.

முடிவே இல்லாமல் நின்றுபோனவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய ‘ஸ்டார் ட்ரெக்’ 1969-இல் மூன்று பருவத்தோடு, முடிவு என்று எதுவும் இல்லாமல் நிறுத்தப்பட்டது. ‘டாக்டர் ஹூ’ 1989-இல் நின்று 2005-இல் திரும்பி வந்தபோதும் அப்படித்தான், நாயகன் உருமாறிக்கொண்டே இருப்பது கதையின் இயல்பிலேயே இருந்தது. இவை வந்தது பாக்கியைத் தீர்க்க, பூட்டிய வீட்டைத் திறக்க அல்ல. ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ 1978-இன் தொடர்ச்சியாக வராமல் 2003-இல் முதலிலிருந்து எடுக்கப்பட்டது. அதைச் செய்தவர் அந்தச் சீட்டாட்டக் காட்சியை எழுதிய அதே மூர். புதிதாகத் தொடங்கினால் பழையதன் மேல் கை வைக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கில்தான் ‘எக்ஸ்பான்ஸ்’ தனியாக நிற்கிறது. அதை மூன்றாம் பருவத்தோடு ஒரு சேனல் கைவிட்டது, அமேசான் எடுத்து ஆறாம் பருவம் வரை கொண்டுபோனது, 2022 ஜனவரி 14 அன்று 62 எபிசோடோடு முடிந்தது. ஆறு பருவமும் அதைக் கவனித்துக்கொண்டவர்களில் முதன்மையானவர் நரேன் ஷங்கர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் பட்டம் பெற்றவர், உங்கள் நெக்ஸ்ட் ஜெனரேஷனின் அறிவியல் ஆலோசகராக இருந்தவர். மூரோடு சேர்ந்து ‘தி ஃபர்ஸ்ட் டியூட்டி’ எபிசோடை எழுதியவரும் அவரே, பார்த்திருப்பீர்கள். தொடரின் முடிவு நிறைவானது. போர் ஓய்கிறது. தனக்குக் கிடைத்த தலைமைப் பதவியை நாயகன் ஹோல்டன் ஏற்ற கையோடு விண்கலத் தலைவி ட்ரம்மரிடம் கொடுத்துவிட்டுத் தன் கப்பலுக்குத் திரும்புகிறார். ஆனால் ஆறாம் பருவத்தின் ஒவ்வொரு எபிசோடும் லக்கோனியா என்ற தொலைதூரக் கோளில் தொடங்கியதைக் கவனித்தீர்களா? இறந்த தம்பியைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் போகும் அந்தச் சிறுமி, அங்கே கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று. இதற்கெல்லாம் தொடரில் விடை இல்லை. விடை நாவல்களில் இருக்கிறது. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் டேனியல் ஆபிரகாமும் டை ஃப்ராங்கும் எழுதிய ஒன்பது நாவல்களில் ஆறு வரைதான் தொடர் வந்திருக்கிறது. ஏழாவது நாவல் ஏறத்தாழ முப்பது ஆண்டு தாவித் தொடங்குகிறது.

இங்கே திரும்பி வருபவர் எதையும் புதிதாக உடைக்க வேண்டியதில்லை. விரிசலைக் கட்டும்போதே விட்டு வைத்திருக்கிறார்கள். நடிகர்களுக்கு வயது ஏறினால் அது கதைக்கே உதவும். எழுதியவர்கள் ஒரு முடிவை ஏற்கெனவே அச்சில் கொடுத்துவிட்டார்கள், அறையில் ஆறு பேர் உட்கார்ந்து யாரைக் கொல்லலாம் என்று விவாதிக்க வேண்டிய நிலை இல்லை. இருந்தும் வருமா என்று கேட்டால், அது கதை அறையில் முடிவாகிற விஷயமே அல்ல. விண்வெளித் தொடருக்கு ஆகும் செலவும், அந்தச் செலவைத் தாங்கும் சந்தாக் கணக்கும் முடிவு செய்கிறவை. பிக்கார்ட் வந்ததற்கும் புதிதாகக் கடை விரித்திருந்த ஒரு சந்தா சேவைக்குப் பழகிய பெயர் தேவைப்பட்டதற்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் ஊகம். எங்களை எட்டு மாதத்தில் அழைத்த சேனலும் அந்தப் பந்திக் காட்சியின் அழகுக்காக அழைக்கவில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உடனே போடாதீர்கள். 1994-க்கும் 2020-க்கும் நடுவில் எங்களுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் கிடைத்தன, உங்கள் மகளுக்கு ஒரு வாரம்தான் ஆகியிருக்கிறது. கீறலுக்கு முன் முடிவு கொஞ்சம் ஆறட்டும், ஓர் ஆறு மாதமாவது. நடுவில் எக்ஸ்பான்ஸ் பாருங்கள், சில காட்சிகள் கடுமையானவை, மகளின் வயதுக்குத் தகுந்தபடி முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகும் அவள் கேட்டால், நெமிசிஸில் டேட்டா இறந்ததை வாயாலேயே சொல்லிவிட்டு, பிக்கார்டின் முதல் பருவத்தைத் தொடங்குங்கள். பாதியில் அலுத்தாலும் ஏழாம் எபிசோடு வரை போய்விடுங்கள். இரண்டாம் பருவத்தைத் தாண்டிவிட்டு மூன்றாவதற்குப் போனாலும் கதை புரியும், கியூவின் மேல் அவளுக்குப் பிரியம் இருந்தால் மட்டும் தாண்டாதீர்கள். மூன்றாம் பருவத்தின் ஒன்பதாம் எபிசோடை இரவு வெகுநேரம் கழித்துப் போடாதீர்கள். அவள் பத்தாவதையும் கேட்பாள்.